காமாலை என்று சொல்லி வாங்கிய லீவு

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு எப்போதும் நல்ல சேதி முதலில் வேண்டும், கெட்ட சேதி சாப்பிட்ட பிறகு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்ததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். மரவள்ளி இந்த வருஷம் பரவாயில்லை. உங்கள் இரண்டாவது திதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வடையில் மட்டும் கொஞ்சம் உப்பு தூக்கல்.

சாப்பிட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் டாக்டராக மாட்டேன் அப்பா. போன மாதம் காலேஜில் முடிவு சொல்லிவிட்டார்கள். பாதியில் விட்ட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியைத் தொடர எனக்கு அனுமதி இல்லை. அந்தப் பயிற்சி முடியாமல் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல் டாக்டர் என்று பெயரைப் பதிவு செய்யவும் முடியாது. எல்லாப் பரீட்சையிலும் பாஸ் செய்துவிட்டு, ஒரு ஜலதோஷத்துக்குக்கூட மருந்து எழுத உரிமை இல்லாதவளாக உட்கார்ந்திருக்கிறேன்.

இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பீர்கள். "செரி கண்ணு, பாக்கலாம்" என்பீர்கள். அந்தப் 'பாக்கலாம்' இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். உண்மையில் உங்களோடு சண்டை போடத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் அழுதுவிட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

தொண்ணூற்றெட்டில் நான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கொல்லிமலை மேல், செம்மேட்டில், வேளாண்மை ஆபீஸில் வேலை. அம்மா அடிவாரத்தில் நம் மரவள்ளிக் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை. தூக்கம் போனது. பசி போனது. வார்டில் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்தால், எண்ணிக்கொண்டிருந்தது எதுவரை என்று மறந்துபோகும். ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை படித்துக்கொண்டிருந்தேன். தலை வாரக் கையைத் தூக்குவது பெரிய வேலையாக இருந்தது. அறைத்தோழி வார்டனிடம் சொல்லி, வார்டன் உங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, நீங்கள் செருப்பில் மிளகுத் தோட்டத்து மண்ணோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றீர்கள்.

எல்லோரும் காரணம் கேட்டார்கள். காதலா என்றார்கள். ராகிங்கா என்றார்கள். பெயிலாகிவிட்டாளா என்றார்கள். அம்மா தனியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் ஏதாச்சும் பண்ணிப்புட்டாங்களா சாமி, எங்கிட்டச் சொல்லு" என்றாள். ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும் அவளுக்குப் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது. காரணம் இல்லாத நோயை அவளால் நம்ப முடியவில்லை. நீங்கள் ஒருத்தர்தான் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து நேராக மனநல டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். அந்தக் காலத்தில் எத்தனை அப்பாக்கள் அதைச் செய்திருப்பார்கள்? சண்டை போட உட்கார்ந்த இந்த நேரத்திலும் அதை மறக்கவில்லை.

அந்த டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். மாடிப்படி ஏறிப் போக வேண்டும், படியில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "இதுவும் ஒரு நோய்தாங்க. மருந்து இருக்கு, குணமாகும். ஆனா இப்பப் படிக்க முடியாது. சில மாசம் லீவு போடட்டும்" என்று சொல்லி அவரே சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு என்று நோயின் பெயரை உள்ளபடியே எழுதியிருந்தார். நீங்கள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

அன்றே செம்மேட்டுக்குக் கிளம்பினோம். பஸ் அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் முன் சீட்டுப் பெண் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினீர்கள்.

"கண்ணு, இதக் காலேஜில குடுக்க வேண்டாம்."

"ஏனுங்கப்பா?"

"காமாலைன்னு சொல்லிக்கலாம்."

அப்புறம் ஒரு கதை சொன்னீர்கள். "எங்க பழைய ஆபீஸில ஒரு டைப்பிஸ்ட் இருந்தாரு. தங்கமான மனுசன். மனசு செரியில்லைன்னு ரெண்டு மாசம் லீவு போட்டாரு, காரணத்தையும் அப்படியே எழுதிக் குடுத்தாரு. திரும்பி வந்தப்ப அவரு மேசையில இருந்த கத்தரிக்கோல யாரோ எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. ரிட்டையர் ஆகற வரைக்கும் அவரு கையில ஒருத்தரும் கத்தரிக்கோல் குடுக்கல கண்ணு. டைப்பிஸ்டுக்கே அப்படின்னா, கத்தி புடிக்கற டாக்டருக்கு என்ன பண்ணுவாங்க?"

நீங்கள் சர்டிபிகேட்டை எடுத்துச் சின்னச் சின்னதாகக் கிழித்தீர்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே குப்பை போடும் பழக்கம் உங்களுக்குக் கிடையாது. அத்தனை துண்டுகளையும் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டே செம்மேடு வரை வந்தீர்கள். குவார்ட்டர்ஸில் வெந்நீர் அடுப்பு மூட்டியதும் உள்ளே போட்டீர்கள். அந்தத் தண்ணீரில்தான் அன்று குளித்தேன்.

காமாலையைத் தேர்ந்தெடுத்ததில் உங்கள் சாமர்த்தியத்தை மெச்ச வேண்டும். காமாலைக்குப் பச்சிலை தேடிக் கீழேயிருந்து ஆட்கள் மலைக்கு வருவது எப்போதும் நடப்பதுதான். அதனால் படிப்பை விட்டுவிட்டு இவள் ஏன் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. "டாக்டருக்குப் படிக்கிற பொண்ணே பச்சிலைக்கு வந்துருச்சு பாத்தீங்களா" என்று அவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டீர்கள். காமாலை என்றால் பத்தியம் உண்டு.

ஆபீஸ் வாட்ச்மேனின் மனைவி செல்லாயி அக்கா, மலையில் ஊர்களைச் சேர்த்து நாடு என்பார்களே, அதில் அரியூர் நாட்டுக்காரர், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் குடியிருந்தார். சேதி காதில் விழுந்ததும் என்னை அவர் கையில் எடுத்துக்கொண்டார். விடிந்ததும் கீழாநெல்லியை வேரோடு பறித்து அரைத்து, மோரில் கரைத்துக் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். "உப்பு ஆகாது, எண்ண ஆகாது, புளி கண்ணுலயே காட்டப்படாது" என்று உங்களுக்கு உத்தரவு. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ரசம். ரசம் என்று அதைச் சொல்வது ரசத்துக்கு அவமானம். எனக்குத்தான் ருசியே தெரியவில்லை, பிழைத்தேன். நீங்கள் எதற்காக அதைச் சாப்பிட்டீர்கள்? "நீ உப்பில்லாமத் தின்னுட்டு இருக்கறப்ப எனக்கு மட்டும் எறங்குமா கண்ணு" என்றீர்கள். இல்லாத நோய்க்குக் குடும்பத்தோடு பத்தியம் இருந்தவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டுக் கருவாடு வறுத்தீர்கள். கருவாட்டு வாசனை ஜன்னலுக்கு அடங்குமா? செல்லாயி அக்கா வந்து கதவைத் தட்டிவிட்டார். தட்டை என் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"எனக்குத்தாம்மா. ரொம்ப நாளாச்சேன்னு."

"ஏனுங்க சார், நோவுல கெடக்கற புள்ளய முன்னால வெச்சுட்டுக் கருவாடு திங்கறீங்களே, உங்களுக்கு எப்படிங்க மனசு வருது? ஆபீசருன்னுகூடப் பாக்காமக் கேக்கறேன்."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அக்கா போன பிறகு நான் சிரித்தேன். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, தட்டோடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் கருவாட்டை எடுத்துத் தின்னத் தொடங்கினேன்.

எத்தனை பேர் வந்தார்கள் அப்பா. குண்டூர் நாட்டிலிருந்து விதைக்கு வந்தவர்கள் மலைவாழைச் சீப்போடு வந்தார்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மூலிகைக் குச்சியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கச் சொன்னார். பெயர்கூடத் தெரியாதவர்கள் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "மஞ்ச எறங்கிருச்சு சாமி" என்று தைரியம் சொன்னார்கள். அந்த அன்பு முழுக்கக் காமாலைக்கு வந்தது. அதில் எனக்கு வந்தது எவ்வளவு? உண்மையான பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களில் யார் வந்திருப்பார்கள்? இதை அன்றே உங்களிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. அதை நீங்கள் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தீர்கள். ஒரு நாள் ஆபீஸ் ஜீப்பில் என்னையும் திருப்புலி நாட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். ஒரு தோட்டத்தில் மிளகுக் கொடி வாடிக் கிடந்தது. "மேலயெல்லாம் நல்லா இருக்கறப்ப வேருல அழுகுமாங்கப்பா?" என்று கேட்டேன். மிளகில் எனக்கு என்ன அக்கறை, ஒன்றும் இல்லை. ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதே, அது திரும்பி வந்தது. நீங்கள் ஜீப்புக்குப் பின்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். டிரைவர் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்.

அப்புறம் அடிவாரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் காமாலை என்று சர்டிபிகேட் கொடுத்தார். காலேஜில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஜூனியர்களோடு உட்கார்ந்தேன். சர்ஜரி வார்டில் மட்டும், தொற்றும் காமாலையோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் 'காமாலை அக்கா' என்று பெயர். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு உங்கள் யோசனைதான் சரி என்று நானும் நம்பினேன்.

எங்கே தவறியது என்று இப்போது தெரிகிறது. காமாலை குணமானவளுக்கு அதற்கு மேல் என்ன மாத்திரை? ஹாஸ்டலில் நான்கு பேர் இருக்கும் அறையில் அதை எங்கே ஒளிப்பது? மாடிப்படி டாக்டரிடம் தொடர்ந்து போய்வர வேண்டும். ஆனால் அவர் இருந்தது காலேஜ் இருக்கும் அதே ஊர். படியில் என் வாத்தியார் யாராவது பார்த்துவிட்டால்? "இனி போக வேண்டாம் கண்ணு, நல்லாத்தான இருக்கே" என்றீர்கள். எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கடைசிப் பரீட்சை பாஸ் செய்தபோது நீங்கள் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் அது திரும்பி வந்தது. அதே தூக்கமின்மை, அதே கனம். அடையாளம் தெரிந்துவிட்டது. இந்த முறை என்ன சொல்லி லீவு கேட்பது? மறுபடியும் காமாலையா? அங்கேயே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். மனச்சோர்வு என்றால், முன்பு எப்போதாவது வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. பிரசவ வார்டில் ஒரு தாய்க்குப் போட வேண்டிய ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல் நின்றேன். நர்ஸ் பார்த்துவிட்டு மெதுவாக ஊசியை வாங்கிக்கொண்டார். அந்தத் தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சொல்லாமல் போனவள் என்று எழுதிக்கொண்டார்கள். நீங்கள் எத்தனை தரம் காலேஜுக்கு நடந்தீர்கள்? காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்பார்கள். "ஒடம்பு செரியில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருவீர்கள். என்ன உடம்பு என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை. நான் வேறு ஊர் டாக்டரிடம் மருந்து எடுத்துத் தேறிவிட்டேன். தேறியவள் சும்மா வீட்டில் இருந்தேன்.

அப்புறம் அந்தக் காலை. நீங்கள் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். வெயில் முகத்தில் அடித்தது. உங்கள் வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தது. கையெல்லாம் சொறிந்த தடம். வலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். வலி இல்லை என்று சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. ஸ்கேனில் கணையத்தில் கட்டி என்று சொல்லும்முன் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படிப்பு எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு தரம்தான்.

நீங்கள் அம்மாவிடம், "அந்தக் காமாலைய என்ற வாயாலயே கூப்பிட்டேன். வந்துருச்சு" என்றீர்கள். நான் காலண்டர் தாளின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினேன். பித்தம் வரும் குழாய் இது, கட்டி இங்கே அழுத்துகிறது, அதனால் மஞ்சள், சொன்ன சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சொன்னாச் செரி கண்ணு" என்றீர்கள். அன்று மத்தியானம் சாதத்தில் உப்புப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள்.

"உங்களுக்குப் பத்தியம் தேவையில்லீங்கப்பா. நல்லா உப்பு போட்டுச் சாப்பிடுங்க."

"அன்னிக்கு உனக்குந்தான் தேவையில்ல கண்ணு. நீ இருந்தயே."

கடைசிவரை உப்பில்லாமல்தான் சாப்பிட்டீர்கள். செல்லாயி அக்கா மலையிலிருந்து பஸ் ஏறிக் கீழாநெல்லிக் கட்டோடு வந்தார். சொந்தத்தில் சிலர், மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. எதை மறுப்பது?

நீங்கள் போன பிறகு உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தேன். உங்களைக் கேட்காமல் செய்தேன், கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். தொண்ணூற்றெட்டில் எனக்கு வந்தது மனச்சோர்வு, பயிற்சியில் விட்டுப்போனதும் அதனால்தான், இப்போது மருந்தில் நன்றாக இருக்கிறேன், முடிக்க விடுங்கள் என்று எழுதினேன். பழைய சான்று வேண்டும் என்றார்கள். மாடிப்படி டாக்டரைத் தேடிப் போனேன். அவர் காலமாகிவிட்டார். அங்கே இப்போது செல்போன் கடை. அவர் எழுதி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் பழைய காமாலை சர்டிபிகேட்டையும், வேறு ஊர் டாக்டர் இப்போது எழுதிக் கொடுத்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோபமாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, இதுல எது பொய்? அப்பக் குடுத்ததா, இப்பக் குடுக்கறதா?"

"அப்பக் குடுத்ததுங்க சார்."

"யாரு குடுத்தது?"

"எங்க அப்பாங்க சார்."

"அவர வரச் சொல்லும்மா. அவரே வந்து சொல்லட்டும்."

"அவரு இறந்துட்டாருங்க சார்."

"ஓ. என்ன ஆச்சு?"

எனக்கு வேறு வார்த்தை வந்திருக்கலாம். கணையத்தில் கட்டி என்று சொல்லியிருக்கலாம். டாக்டர்கள் முன்னால் டாக்டர் மாதிரி பேசியிருக்கலாம். நம் வீட்டில் நாம் சொல்லிப் பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"காமாலைங்க சார்."

ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். நடுவில் இருந்தவர், "விளையாடறியாம்மா?" என்றார். இல்லீங்க சார், நெசமாத்தாங்க என்றேன். அந்த அறையில் அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

முடிவில் இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். ஒன்று, பொய்ச் சான்று கொடுத்து லீவு எடுத்தது. மற்றது, நோயாளிகளை ஒப்படைக்கும் அளவுக்கு மனநலம் உறுதிப்படவில்லை என்பது. பொய் சொன்னதற்கு ஒன்று, உண்மை சொன்னதற்கு ஒன்று.

அன்றே அந்த டாக்டர் எழுதியதைக் கொடுத்திருந்தால்? இதைத்தான் உங்களிடம் கேட்டுச் சண்டை போட நினைத்தேன். என் ஜூனியர் ஒருவன் உண்மையைச் சொல்லி லீவு எடுத்தான். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் மனநலச் சான்று வாங்கி வா என்றார்கள், அவனும் வாங்கி வந்து படிப்பை முடித்தான். வேலைக்குப் போகும் இடமெல்லாம் இன்னும் அதையே கேட்கிறார்களாம். போன தடவை பேசும்போது, கிளினிக் ஒன்றில் ராத்திரி டியூட்டி மட்டும் கொடுக்கிறார்கள் என்றான், பெயர்ப் பலகையில் அவன் பெயர் இல்லையாம். ஆனாலும் அவன் டாக்டர். அந்த வழி இதைவிட மேலா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் உங்கள் மேல் முழுசாகக் கோபப்படவாவது முடியும்.

திதி முடிந்த மறுநாள், அதாவது நேற்று, மேலே போனேன். செல்லாயி அக்காவுக்கு வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு போனேன். அதே குவார்ட்டர்ஸ், வேறு ஆபீசர். அக்கா என்னைப் பார்த்ததும் அழுதார். மகளுக்குப் பிறந்த குழந்தையை என் மடியில் போட்டார். குட்டிக் கைகளால் என் விரலைப் பிடித்துக்கொண்டது. எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்.

"காமால மறுக்கா வரலீல்ல கண்ணு?"

"அக்கா, எனக்குக் காமாலையே வந்ததில்லீங்க."

சொல்லிவிட்டேன் அப்பா. மனசுக்கு வந்த நோய், லீவு, மாத்திரை, உங்கள் பயம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் அரச்ச அந்தக் கீழாநெல்லி?"

"தெனமும் குடிச்சேனுங்க."

"ஒரு பேச்சு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "இப்ப மாத்தர திங்கறயா?" என்று கேட்டார். தின்கிறேன் என்றேன். "அது செரி, அது செரி" என்று தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, "வா சாமி, பாப்பாவுக்குத் தூக்கம் வந்துருச்சு" என்று குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். குழந்தை நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தது. அக்காவுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கை தானாகவே நீண்டது. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார், பஸ் வரை வந்து ஏற்றிவிட்டார். குழந்தையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பஸ் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் டைப்பிஸ்டின் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. உலகத்தை நீங்கள் சரியாகத்தான் அளந்து வைத்திருந்தீர்கள். அதனால்தான் உங்களோடு போட வந்த சண்டை பாதியிலேயே நின்றுவிட்டது. சரியாக அளந்த பிறகும் நம்மால் என்ன செய்ய முடிந்தது?

நான் இப்போது அடிவாரத்துத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். தவளையை மேசையில் கிடத்தி இதயம் இது, கல்லீரல் இது என்று காட்டும்போது கை நடுங்குவதில்லை. ஏன் டாக்டர் படிப்பை முடிக்கவில்லை என்று வேலைக்குச் சேரும்போது கேட்டார்கள். காமாலை என்றுதான் அங்கேயும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். அதனால் நல்லது எதுவும் நடக்காது. சோதனைக்கூடச் சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பெரிய மனது வைத்தால் வேலையில் விட்டுவைப்பார்கள்.

நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் மாத்திரையை இனி வேறு டப்பாவில் போட மாட்டேன். அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் வைப்பேன். என் மடியிலிருந்து குழந்தையை யார் எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளட்டும், என் நோய்க்கு இனிமேல் அதன் பெயரைத்தான் சொல்வேன். காமாலை உங்களுக்கு வந்தது அப்பா. உங்களைக் கொண்டுபோனது. அதை உங்களுக்கு மட்டும் விட்டுவிடுகிறேன்.

உங்களோடு உப்பில்லாமல் சாப்பிட்ட மகள்,
கோமதி